பகுதிப் பழுது

நேற்று மத்தியானம் மகளின் கைத்தொலைபேசியிலிருந்து காற்று வீசியது. பிறகு நீர் சொட்டியது. பிறகு யாரோ செருப்புக் காலுடன் கல்லுத் தரையில் நடந்தார்கள்.

"ஏதோ பழுது போல கிடக்கு அப்பா" என்று அவள் நிறுத்தப் போனாள்.

"பழுதில்லை. இப்ப ஒரு பொம்பிளை சிரிப்பா, கேள்."

தொலைபேசிக்குள் ஒரு பெண் சிரித்தாள். எனக்கு மறதி வந்துவிட்டது என்று மகள் வைத்திருந்த நம்பிக்கை அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில், வெளிநாட்டுப் பொதிகளைத் திறந்து பார்த்து விடுவிக்கும் சுங்கக் கந்தோரில் வேலையில் இருந்தேன். விதிகள் ஏராளம். அவற்றில் பாதியை எங்கள் பெரியவருக்கு, அதாவது மேலதிகாரிக்கு, நான்தான் ஞாபகப்படுத்துவேன். அதில் எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இந்தச் சத்தங்கள் அடங்கிய இசைத்தட்டு அப்போது சேவியருக்கு வந்தது. இறங்குதுறையில் தேயிலைப் பெட்டி எண்ணும் எழுத்தர் அவர். உறையில் பாடியவர் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. நடுக்கடலில் யாரும் உட்காராத ஒரு வெறுங்கதிரை நிற்கும் படம் மட்டும். படிவத்தில் எந்த நிரலையும் வெறுமையாக விடக்கூடாது என்பது விதி. 'கதிரை, ஒன்று' என்று எழுதினேன். கிண்ணியாவிலிருந்து தோணியேறி வேலைக்கு வரும் எங்கள் சிற்றூழியர் மஜீத், களஞ்சியம் முழுக்கத் தேடிவிட்டு வந்தார்.

"ஐயா, கதிரையைக் காணேல்லை. ஒரு தட்டுத்தான் கிடக்கு. அதுவும் கருவாடு மணக்குது."

பக்கத்தில் சல்லி ஊர்க் கருவாட்டு மூட்டை இருந்தது. அந்த மணம் உறையை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

தட்டில் அரசுக்கு எதிரான பேச்சு இருக்கலாம் என்பதால் கேட்டுப் பார்த்தே விடவேண்டும். அதுவரை நாதஸ்வரம் தவிர வேறெதுவும் அறியாத பெரியவர் வீட்டு ரெக்கோட் பிளேயர் ஜீப்பில் வந்து இறங்கியது. போட்டேன். காற்று, நீர், செருப்பு. பாட்டு வருவதாக இல்லை.

"இது பாட்டில்லை ஐயா, எஞ்சின் அறை" என்றார் மஜீத்.

ஊசியைத் தூக்கிவிட்டு, 'இரு பக்கமும் பழுது' என்று எழுதி ஒப்பமிட்டேன். மறுபக்கத்தைப் போடவேயில்லை. கெட்ட மீனைப் புரட்டி மறுபக்கத்தையும் யாராவது மணந்து பார்ப்பார்களா?

பழுதான பொருளை இரண்டு உத்தியோகத்தர் முன்னிலையில் உடைத்து அழிக்கவேண்டும். கேள்விப்பட்டுச் சேவியர் ஓடிவந்தார்.

"ஐயா, அது பழுதில்லை. அது அப்பிடித்தான்."

"உமக்கெப்பிடித் தெரியும்? நீர் இன்னும் தட்டைத் தொடவேயில்லையே" என்றார் பெரியவர்.

"கப்பலில ஒருக்காக் கேட்டனான். வயர்லெஸ்காரர் போட்டுக் காட்டினவர். அண்டைக்கு முழுக்க நான் பெட்டி எண்ணினது பிழை. அவர்தான் இதை அனுப்பினவர்."

பெரியவர் யோசித்தார். "அப்ப போடுவம். அடுத்து என்ன சத்தம் வருமெண்டு முந்திச் சொல்லும். சொன்னபடி வந்தா பாட்டு. வராட்டிச் சுத்தியல்."

சேவியர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "இப்ப செருப்பு, பதினொரு அடி. இப்ப பொம்பிளை சிரிப்பா. சிரிச்சுப்போட்டு ஒரு மூச்சு விடுவா. இப்ப கித்தார், மெல்லமா..."

வந்தது. நான் ஊசியைத் தூக்கிய இடத்துக்கு நாலு மூச்சுத் தள்ளிக் கித்தார் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. பக்கம் முழுக்க ஒரே பாட்டு. சேவியரின் சட்டை நனைந்துவிட்டது. "கடைசியில கதவு சாத்தும்" என்றார். சாத்தியது. மஜீத் கை தட்டினார்.

"மற்றப் பக்கம்?" என்றார் பெரியவர்.

சேவியரின் முகம் விழுந்தது. "அது தெரியாது ஐயா. அதுக்குள்ள கப்பல் வெளிக்கிட்டிட்டுது."

"போட்டுத்தான் பாப்பமே" என்றார் மஜீத்.

"போட்டென்ன பிரயோசனம்? சரியோ பிழையோ சொல்ல ஆளில்லை. இவர் கேட்டுத்தானே பழுதெண்டு எழுதியிருக்கிறார்" என்று பெரியவர் என்னைக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கவேண்டிய இடம் அது. நான் ஒரு விதியைச் சொன்னேன். "பகுதிப் பழுதெண்டு விடலாம் ஐயா. பழுதான பகுதியைப் பாவிக்கமாட்டனெண்டு இவர் உறுதிப்பத்திரம் தந்தாச் சரி."

சேவியர் முத்திரைக்கு மேல் கையெழுத்து வைத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து, பெரியவரின் பிளேயரை இரவல் வாங்கி, கோவில் மண்டபத்தில் அந்தத் தட்டைப் போடுவார். கதவு சாத்தியதும் ஊசியைத் தூக்கிவிடுவார். "ஒருக்காத் திருப்பும் சேவியர், ஆர் பாக்கப்போகினம்?" என்று கெஞ்சுவார்கள். "கையெழுத்து வைச்சனான்" என்பார். பத்திரத்தில் முடிவுத் திகதி போட நான் மறந்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் நாட்டை விட்டுப் போகும்போது தட்டோடு வீட்டுக்கு வந்தார்.

"நீங்கள் கையெழுத்து வைக்கேல்லைத்தானே ஐயா. ரெண்டாம் பக்கம் என்னெண்டு கேட்டு எழுதுங்கோ. போய்ச் சேர்ந்ததும் விலாசம் அனுப்புறன்."

முதல் பக்கம் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தது. இரண்டாம் பக்கம் புத்தம் புதிதாக மின்னியது. அதில் என் முகம் தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன்.

விலாசம் வரவில்லை. பெரியவர் இடமாற்றத்தில் போனபோது பிளேயரும் போயிருந்தது. பிறகு சண்டையில் வீட்டோடு தட்டும் போயிற்று.

நேற்று அந்தக் கதவு சாத்தியது. தொலைபேசிக்குப் பக்கங்கள் கிடையாது, அது பாட்டுக்கு இரண்டாம் பக்கத்துக்கும் போய்விடும். "நிறுத்து!" என்று கத்தினேன். நெஞ்சுவலியாக்கும் என்று மகள் பதறிவிட்டாள்.

"ஒரு கடதாசியும் பேனையும் எடுத்து வா பிள்ளை."

பிறகு கேட்டேன். சாத்திய கதவு திறந்தது. போன செருப்பு திரும்பி வந்தது, பதினொரு அடி.

அந்தக் கந்தோர் இப்போது இல்லை. பெரியவர் இல்லை. மஜீத்தின் தோணி ஓடிய இடத்தில் பாலம் நிற்கிறது. 'இரண்டாம் பக்கம் முழுவதும் கேட்கப்பட்டது. பழுதில்லை' என்று எழுதி ஒப்பமிட்டேன். பெறுநர் விலாசம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. விதிப்படி அதை அப்படி விடக்கூடாது.