அசையாத ஊசியும் லால்குடி சாலையும்

சென்ற மே மாதம் அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து லால்குடிக்கு, அவள் வீட்டுக்கு, அழைத்துப் போக வேண்டியிருந்தது. வயிற்றில் ஆபரேஷன். பஸ் கூடாது, குலுங்கக் கூடாது என்றார் டாக்டர். பிறகு சேர்த்துக்கொண்டார்: "ஜுரம் வந்தா யோசிக்காதீங்க. உடனே திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க." இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கார் போகவும் வேண்டும், தேவைப்பட்டால் திரும்பவும் வேண்டும். நண்பனின் பழைய காரை இரவல் வாங்கினேன்.

காலை ஆறரை. ஸ்ரீரங்கம், என் அறை வாசல். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி நேராகச் சிவப்பில் போய் நின்றது. இரவெல்லாம் ஓடாத கார். பானெட்டைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. கையை நம்புவதா, ஊசியை நம்புவதா? காவிரிப் பாலத்தில் இரண்டு தடவை நிறுத்தி ரேடியேட்டரைப் பார்த்தேன். (பாலத்தில் நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் பஸ்காரர்கள் சொல்வதை இங்கே எழுத முடியாது.)

பாலக்கரையில் காதர் பாய் என்ற மெக்கானிக். இன்ஜினில் திருகியிருந்த சிறிய பித்தளைக் குமிழிலிருந்து ஒற்றை ஒயரைக் கழற்றினார். ஊசி விழுந்தது.

"பாத்தீங்களா தம்பி? இன்ஜின் நல்லாருக்கு. இந்த யூனிட்டுதான் பொய் சொல்லுது."

புத்தகங்கள் அதை சென்சார் என்கின்றன. புதியது நாற்பது ரூபாய். பக்கத்துக் கடையிலேயே கிடைத்தது. தண்ணீர் கசியக் கூடாதே என்று பாய் அதன் திருகு மரையில் நூலைச் சுற்றி, வெள்ளைப் பசை பூசி, இறுக்கினார். ஊசி குளிர்ந்த பக்கம் படுத்தது. எனக்கு மூச்சு வந்தது.

பத்து மணி வெயில். பின் ஸீட்டில் இரண்டு தலையணைக்கு நடுவே அக்கா. திருவானைக்காவல் தாண்டும்போது பார்த்தேன். ஊசி படுத்தபடியே. அரைமணி ஓடிய இன்ஜின். கொஞ்சமாவது எழ வேண்டாமா?

கொள்ளிடம் பாலத்துக்கு முன் மர நிழலில் நிறுத்தினேன்.

"ஏண்டா நின்னுட்டே?"

"ஊசி அசையலக்கா."

"காலைல சூடுன்னு பயந்தே. இப்ப சூடில்லன்னு பயமா? உன்னைக் கட்டிக்கப் போறவ பாவம்டா." சிரித்தாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதே, தையல் இழுக்குது."

"நானா சிரிக்க வச்சேன்?"

ஒயரைக் கழற்றி இன்ஜின் இரும்பில் தொட வைத்துக்கொண்டு, ஊசியைப் பார்க்கச் சொன்னேன்.

"ஏறிடுச்சுடா!"

அப்படியானால் ஊசி சரி, ஒயர் சரி. சென்சாரின் உடம்பு இன்ஜின் இரும்பைத் தொட்டால்தான் மின்சாரம் ஓடும். நடுவில் பாயின் நூலும் பசையும். அவருடைய அக்கறைதான் அதன் வாயை அடைத்திருந்தது. சூடான இன்ஜினிலிருந்து அதைக் கழற்றினால் கொதிநீர் பீய்ச்சும். டிக்கியில் கிடந்த செப்புக் கம்பியைக் குமிழின் கழுத்தில் சுற்றி, மறுமுனையை ஒரு போல்ட்டில் முறுக்கினேன். வலது கை விரல்கள் தீய்ந்தன. ஒயரைத் திரும்ப மாட்டினேன்.

ஊசி மெல்ல எழுந்தது. பாதியில் நின்றது.

பாலம். டோல்கேட்டில் வலது பக்கம். வயல்கள். ஊசி பாதியில். கண்ணாடியில் அக்கா கண்மூடியிருந்தாள். தூக்கமா, வேறு ஏதாவதா? கேட்கவில்லை. ஊசியையே பார்த்தேன்.

பழைய காரில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஊசி சிவப்புக்குப் போனால், ஒயரைக் கழற்றிப் பாருங்கள். விழுந்தால் சென்சார்தான். புதியதன் மரையில் நூல் சுற்ற விடாதீர்கள். மாற்றியதும் கிளம்பிவிடாமல் ஊசி எழும்வரை நில்லுங்கள். படுத்திருக்கும் ஊசி நிம்மதி தரும். அதை மட்டும்தான் தரும்.

லால்குடியில் இறங்கியதும் அக்கா பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

"லேசாத்தான் சுடுது. இதுக்கு ஜுரம் இல்ல. என்னையும் தொட்டுப் பாரேன்."

வலது கையை நெற்றியில் வைத்தேன். சுட்டது. தீய்ந்த விரல்களுக்கு எல்லாமே சூடு.

இடது கையை வைத்தேன். வியர்வை. குளிர்ந்திருந்தது.