நியூஸ் படத்தில் எங்கள் வீடு

பிள்ளைகளா, உங்கள் சின்ன அத்தை "நானும் ஒரு படத்துல இருக்கேன், தெரியுமா" என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள். போன பொங்கலுக்கும் சிரித்தீர்கள். இனிமேல் சிரிப்பதற்கு முன்னால் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அவளுக்குச் சரியாகச் சொல்ல வராது. அப்போது அவளுக்கு நான்கு வயது. எனக்கு ஒன்பது. உங்கள் பெரிய அத்தை, அதாவது என் அக்காவுக்குப் பன்னிரண்டு.

அந்தக் காலத்தில் தியேட்டரில் பெரிய படம் போடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் நியூஸ் படம் என்று ஒன்று ஓடும். அணை கட்டுவது, வெள்ளம் வந்தது, அம்மை ஊசி, இப்படி ஏதாவது. கதை கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு ஆண் குரல் மட்டும் மூச்சு விடாமல் பேசும். விவரம் தெரிந்தவர்கள் வெளியே நின்று முறுக்கைத் தின்று முடித்து, அது முடிகிற நேரம் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள்.

அப்படி ஒரு படம் எடுக்க மெட்ராஸிலிருந்து மூன்று பேர் வேன் பிடித்து ராஜபாளையம் வந்தார்கள். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட ஒரு மில் தொழிலாளியின் குடும்பம் எப்படிச் சந்தோஷமாக இருக்கிறது என்று காட்டுகிற படம்.

அந்தக் குடும்பம் நாங்கள் இல்லை. அப்பா வேலை பார்த்த மில்லில் வேறொருவரை ஏற்கனவே பார்த்து வைத்திருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போனால் பெயருக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லை. அன்று பகல் முழுக்கக் கரண்டும் இல்லை. விளக்குப் போட வழியில்லாமல், வேறு வெளிச்சமான வீடு ஒன்றைப் பார்த்து அந்தக் குடும்பத்தை அங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். "இன்னொருத்தி வீட்ல போயி நான் குடும்பம் நடத்திக் காட்டமாட்டேன்" என்று அந்த வீட்டு அம்மாள் கதவைச் சாத்திவிட்டாள். இப்படித்தான் வேன் எங்கள் தெருவுக்கு வந்தது.

எங்கள் வீட்டு நடுவில் சின்ன முற்றம் உண்டு. தீபாவளிக்கு அடித்த வெள்ளை அப்போதுதான் காய்ந்திருந்தது. டைரக்டர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"அவிய ஏன் செவத்தயே பாத்துக்கிட்டு இருக்காக?" என்று அம்மா அப்பாவின் காதில் கேட்டாள்.

"வெளிச்சம் பாக்காக."

"அதுல என்னத்தப் பாக்க? நம்ம வெளிச்சம்தான!"

டைரக்டர் எழுந்து, இந்த வீடுதான் என்றார். கூட வந்திருந்த மில் ஆபீஸ்காரர் தயங்கினார். "சார், இந்த வீட்ல பிள்ளைக மூணு."

"ஃப்ரேமுக்குள்ள ரெண்டு இருந்தா போதும்" என்றார் டைரக்டர்.

அக்காவுக்குப் புத்தகம், எனக்குச் சிலேட்டு என்று முடிவானது. தங்கச்சி ஓரிடத்தில் உட்காரமாட்டாள் என்று அவளைக் கழித்துவிட்டார்கள். அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. "மூணு பெத்துட்டு ரெண்டுன்னு எப்படிய்யா நிக்க?" என்று கேட்டாள்.

டைரக்டர் கையைக் கூப்பினார். "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்மா. இந்தக் கேமராவுல சத்தமே விழாது. கேமராவைப் பாக்காம உங்க வேலையைப் பாருங்க, அது போதும்." சொல்லும்போது அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடியும் சுவரைத்தான் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மில் ஆபீஸ்காரரைப் பார்த்தார். அம்மா அரிசி எடுக்க உள்ளே போனாள்.

தங்கச்சிதான் விடவில்லை. "நானு? நானு?" என்று உதட்டைப் பிதுக்கினாள். அவள் அழுதால் எல்லாம் நின்றுவிடும், என் முகம் படத்தில் வராமல் போய்விடும் என்று எனக்குப் பயம். "நீ கடைசியில வருவட்டி. பெரிய ஆளுக கடைசியிலதான் வருவாக. சத்தம் காட்டாம நில்லு" என்றேன். நம்பிவிட்டாள். கேமராவுக்குப் பக்கத்தில், ஒரு உதவியாளரின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா சுளகில் அரிசி புடைத்தாள். அக்கா படித்தாள். நான் சிலேட்டில் எழுதி எழுதி அழித்தேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரிந்த அப்பா, பக்கத்து வீட்டில் வாங்கி வந்த பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உலக நடப்பைக் கவனித்தார். மூன்று மணி நேரம் அங்கே இங்கே மாற்றி மாற்றி எடுத்தார்கள். கடைசியாக எடுத்துக்கொண்டிருந்தபோது தங்கச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தாள்.

அம்மாவின் கையில் சுளகு நின்றது. சட்டென்று திரும்பி, அவளைப் பார்த்துச் சிரித்து, "இரு" என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"ஃபிலிம் ரோல் தீந்துபோச்சு சார்" என்றார் கேமராக்காரர். சுவரில் வெயிலும் இறங்கிவிட்டது. கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. "அம்புட்டுத் தூரம் சொல்லியும் கேமராவப் பாத்துக் கெடுத்துட்டியே!" என்று கத்தினேன்.

"நான் எங்கலே அதப் பாத்தேன்" என்றாள் அம்மா.

மாதங்கள் போயின. எங்கள் வீட்டில் எல்லோரும் மறந்தாலும் தங்கச்சி மறக்கவில்லை. "படம் எப்ப வரும்? நான் கடைசியில வருவேன்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வருவ, வருவ என்று நானும் சொல்லிவைத்தேன். அப்படி ஒரு படம் வரவே வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து சித்தி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கினாள். "யக்கா, எங்க ஊரு தியேட்டர்ல ஒங்க வீடு வருது! மச்சான் பேப்பர் படிக்காக!" என்றாள். படம் வந்ததைவிட அப்பா பேப்பர் படித்ததுதான் அவளுக்குப் பெரிய சிரிப்பாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு எல்லோரும் கிளம்பினோம். தங்கச்சிக்குப் பொங்கல் கவுன், முகம் நிறையப் பவுடர். பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட, "நான் படத்துல வாரேன்" என்று சொன்னாள். நான் அக்காவிடம், "நீ சொல்லேன், அவ இல்லன்னு" என்றேன். "புளுகுனது யாரு? நீயே சொல்லு" என்றாள் அக்கா. நான் சொல்லவில்லை.

அந்தத் தியேட்டரிலேயே முதல்தடவையாக நியூஸ் படத்துக்கு அரைமணி முன்னாலேயே போய் உட்கார்ந்த குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். விளக்கை அணைத்தார்கள். ஏதோ ஒரு பாலம் வந்தது, போனது. அப்புறம் எங்கள் சுவர்! இத்தனை அழகாக அந்தச் சுவரை நான் பார்த்ததே இல்லை. அப்பா, அக்கா, நான், அம்மா. அந்தக் குரல் எங்களைச் சிறிய குடும்பம், சீரான குடும்பம் என்றது.

"ஏலே, ஒங்க அய்யாவக் கூட்டியாந்து காட்டுலே! வீட்ல ஒம்போது உருப்படி!" என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் தன் கூட்டாளியைப் பார்த்துக் கத்தினான். கொட்டகையே சிரித்தது.

தங்கச்சி அப்பாவின் மடியில் ஏறி நின்றுவிட்டாள். "நான் இன்னும் வரலயே?" என்றாள். அப்போது திரையில் அம்மா திரும்பினாள். தங்கச்சி கூப்பிட்ட சத்தம் கேட்கவில்லை. அந்த ஆண் குரல் தன்பாட்டுக்குப் படிப்பு, சேமிப்பு என்று பேசிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகம் மட்டும் இம்புட்டுப் பெரிதாக, திரைக்கு வெளியே எங்கேயோ பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டியது. பொறவு குடும்பக் கட்டுப்பாட்டு முக்கோணம் வந்தது. படம் முடிந்துவிட்டது.

அவள் அழப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அம்மா என்னயப் பாக்குது! அந்தா, என்னயத்தான் பாத்துச்சு!" என்று தங்கச்சி கூவினாள். கையைத் தட்டினாள்.

முன் பெஞ்சுக்காரர் திரும்பி அப்பாவை உற்றுப் பார்த்தார். "அண்ணாச்சி, பேப்பர் படிச்சது நீங்கதான? அப்ப இது யாரு?"

அப்பா விழித்தார். அம்மா எட்டித் தங்கச்சியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, பத்து வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "இது எங்க மூணாவது பிள்ளை" என்றாள்.

"படத்துல ஒளிச்சுவச்சு எல்லாரையும் ஏமாத்திப்புட்டீரே அண்ணாச்சி!" என்று அவர் சிரித்தார். அப்பா குனிந்துகொண்டார். அம்மா குனியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் தங்கச்சியோடு சண்டை போட்டேன். பொய் சொன்னவனுக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ.

"ஏட்டி, ஒம் மூஞ்சி எங்க வந்துச்சு?"

"அம்மா பாத்துச்சுல்ல."

"அம்மா பாத்தா நீ வந்துட்டதா அர்த்தமா?"

"ஆமா" என்றாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வெக்கை என்று நினைத்தேன். ஏமாந்ததுகூடத் தெரியாத சின்னப்பிள்ளை என்று தங்கச்சியை நினைத்தேன். டைரக்டரைப் பற்றியும் ஒன்று நினைத்தேன். மூன்று மணி நேரம் எடுத்ததில் கெட்டுப்போன அந்த ஒரு துண்டை வெட்டி எறிய அவருக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? வேலை தெரியாத ஆள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வேறு துண்டு இல்லாமல் அதை வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த வாரம் பரீட்சை லீவுக்குச் சித்தி வீட்டில் இருந்தேன். தங்கச்சி சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று மறுபடியும் பார்த்துவிட வேண்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் தனியாக அந்தத் தியேட்டருக்குப் போனேன். நியூஸ் படத்தை மாற்றியிருந்தார்கள். கோழி வளர்ப்பைப் பற்றி ஏதோ ஒரு படம். ஜனமெல்லாம் வெளியே முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. தரையில் நான் ஒருவன்தான். முக்காடு போட்ட எந்த ஊர்ப் பெண்ணோ, கோழிகளுக்குத் தீவனம் இறைத்துக்கொண்டிருந்தாள். குரல் பேசிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கணம் அவள் நிமிர்ந்து, ஒருபக்கமாகத் திரும்பி, என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

நான் எழுந்து திரையின் ஓரம்வரை நடந்து போனேன். அவள் பார்த்த பக்கம் சுவரும் தீயணைக்க வைத்த இரண்டு மணல் வாளிகளும் இருந்தன. அந்தச் சுவரோடு முகத்தை ஒட்டிவைத்து, அங்கே நிற்பது யார் என்று செத்த நேரம் எட்டி எட்டிப் பார்த்தேன்.