வலைக்கு விசா வேண்டாம்: புன்னைக்காயலில் மூன்று நாள்

மே மாதத்தில் தூத்துக்குடிப் பக்கம் போகாதீர்கள். நான் போனதற்குக் காரணம் என் தங்கை கிரேஸ். "எக்கா, ஞாயித்துக்கிழமை மிஷினை ஓட்டப்போறோம். நீ வந்து பக்கத்துல நில்லு" என்று போனில் சொன்னாள். மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் எனக்கு மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நிற்கத் தெரியும்.

சனிக்கிழமை காலை 6.15க்கு மாட்டுத்தாவணியில் பஸ். கட்டணம் 145 ரூபாய். 9.40க்குத் தூத்துக்குடியில் இறங்கியபோதே சட்டியில் போட்டு வறுக்கிற வெயில். முத்துநகரில் முத்து வாங்க ஆசைப்படுகிறவர்கள் எந்த ஊர் முத்து என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் கேட்டேன். "சீனா முத்துதாம்மா. இங்கன குளிச்சு எடுத்ததெல்லாம் எங்க அப்பா காலத்தோட போச்சு" என்றார் கடைக்காரர். அவராவது உண்மையைச் சொன்னார்.

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி ஆத்தூரில் இறங்க வேண்டும், முக்கால் மணி நேரம். அங்கிருந்து புன்னைக்காயலுக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். ஊருக்குள் நுழைகிற இடத்தில்தான் கிரேஸின் கொட்டகை இருக்கிறது.

கதை இதுதான். நைலான் வலை பின்னும் மிஷின் ஒன்றைச் சீனாவிலிருந்து வரவழைத்தாள். அக்டோபரில் கப்பலில் வந்து, தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி, நல்லபடியாகக் கொட்டகை சேர்ந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட வேண்டிய லின் என்ற தொழில்நுட்பக்காரர் மட்டும் வரவில்லை. விசா கேட்டு ஏழு மாதம். இல்லை என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. இரு நாட்டுத் தலைவர்களும் கைகுலுக்குவதை டிவியில் காட்டும்போதெல்லாம், இனி விசா வந்துவிடும் என்று கிரேஸ் எனக்குப் போன் செய்வாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

ஜூன் பாதி வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கிற இந்த இரண்டு மாதத்தில்தான் பழைய வலையைக் கழித்துப் புது வலை வாங்குவார்கள். அதற்குள் மிஷின் ஓடாவிட்டால் ஆர்டரும் இல்லை, வேலைக்குச் சேர்ந்த எட்டுப் பெண்களுக்குச் சம்பளமும் இல்லை. அதனால் ஏப்ரலில் அவளே துணிந்துவிட்டாள். போனில் பார்த்துப் பார்த்துப் பொருத்துவது என்று முடிவு.

அதிலும் ஒரு கூத்து. இங்கே எல்லோரும் வைத்திருக்கிற செயலிக்கு அங்கே தடை, அங்கே வைத்திருப்பதற்கு இங்கே தடை. அதனால் சிங்கப்பூரில் இருக்கும் கிரேஸின் மகன் ஒரு போனில் எங்களையும் இன்னொரு போனில் லின்னையும் அழைத்து, இரண்டு போனையும் எதிரெதிரே பிடித்துக்கொண்டு, பேச்சையும் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பான். லின்னுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. அதையும் இவர்களுக்குக் கொடுத்திருந்தார். பெண்கள் அவரை "லின் அண்ணாச்சி" என்றே சொல்கிறார்கள்.

ஞாயிறு கோயில் முடிந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு எல்லோரும் கூடினோம். மிஷினைப் பராமரிப்பவர் மிக்கேல் அண்ணாச்சி, நாற்பது வருடம் படகு இஞ்சின் பார்த்தவர். கடைசியாக மின்சாரப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார் லின். திறந்தார்கள். உள்ளே மிஷினை இயக்குகிற மின்னணுக் கார்டு, ஒயர், நூல் அறுந்தால் கண்டுபிடிக்கிற சின்னச் சின்னக் கண்கள், எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குக் கிரீஸ்.

போனை இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொன்னார் லின்.

"உப்புக்காத்துல்லா! இரும்ப விட்டு வைக்குமா?" என்றார் மிக்கேல். "ஏழு மாசமா சும்மா கெடக்கு. படகு இஞ்சினுக்கு இப்படித்தான் பூசுவோம். உள்ள இருக்கதும் கெட்டுறக் கூடாதேன்னு..." அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏழு மாதம் காக்க வைத்தவர்களைத் திட்டத் தோன்றியது, வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தேன்.

சிங்கப்பூரிலிருந்து கிரேஸின் மகன் சொன்னான்: "அம்மா, கிரீஸ் பட்டுக் கார்டு போச்சுன்னு சொல்லுதாரு. புதுசு அனுப்பணும்னா அங்க இப்ப தனி அனுமதி வேணுமாம், எத்தனை மாசம்னு தெரியாதாம். முதல்லயே நேர்ல வந்திருந்தா மூணு நாள் வேலைதானாம்." ஆக, இவர்கள் ஆளை விடமாட்டார்கள், அவர்கள் பொருளை விடமாட்டார்கள். ஆசியாவின் எதிர்காலம் இந்த இரண்டு நாடுகளின் கையில் என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

திங்கள் காலை கிரேஸ் அழவில்லை. தூத்துக்குடியில் ஒரு இறக்குமதி வியாபாரிக்குப் போன் செய்தாள். பத்து மணிக்கெல்லாம் லாரி வந்துவிட்டது. மூட்டை மூட்டையாகச் சீனாவில் பின்னிய வலை, வாங்கி விற்பதற்கு. வலைக்கு விசா வேண்டாம். பின்னச் சொல்லித்தர வருகிறவனுக்குத்தான் வேண்டும்.

"மூணு பேரு மட்டும் இருங்க, மூட்டை பிரிக்கணும்" என்றாள் கிரேஸ், யார் முகத்தையும் பார்க்காமல். யார் அந்த மூன்று பேர் என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். எல்லாரையும்விடக் கஷ்டப்படுகிற மூன்று வீடுகள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆற்று முகத்துவாரத்தைக் காலை ஏழு மணிக்குள் பார்த்துவிடுங்கள், அப்புறம் மணலில் கால் வைக்க முடியாது. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். தடைக்காலத்தில் பெரிய மீனுக்கு ஆசைப்படாதீர்கள். மதியத்தில் ஷேர் ஆட்டோ குறைவு, ஆள் சேர்ந்தால்தான் எடுப்பார்கள்.

நான் ஏறிய ஆட்டோ உடனே எடுத்தது, வேலை இல்லாமல் வீடு திரும்பிய மற்ற ஐந்து பெண்களும் என்னோடு ஏறியதால். ஆத்தூர் வரும்வரை யாரும் லின்னையோ நாட்டையோ குறை சொல்லவில்லை. இறங்கும்போது செல்வி என்கிற பெண் என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், சிங்கப்பூர்த் தம்பிகிட்ட மறக்காமச் சொல்லிருங்க. லின் அண்ணாச்சிக்குத் தகவல் சொல்லணும், நாங்க இனிமே வரமாட்டோம்னு. இல்லேன்னா வார ஞாயித்துக்கிழமையும் பாவம் போனை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."