தறிகள் நின்ற ஸ்தோத்திரக் கூட்டம்

என் தம்பிக்கு ஐந்து வயதில் வந்த இருபத்தொரு நாள் காய்ச்சலைப் பற்றி இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் நானே அவனுக்குப் போன் போட்டு நல்லா இருக்கியா என்று இரண்டு தடவை கேட்டுவிடுவேன். என் சுபாவம் அப்படி.

அப்போது திருத்தணியில், மலைக்குப் பின்பக்கம் ஒரு நெசவுத் தெருவில் இருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் பவர்லூம் கொட்டகையில் கூலிக்குத் தறி ஓட்டினார். நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அம்மாவோடு தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவுக்கு நாங்கள் ஒரே வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள். தறிச் சத்தத்துக்குள்ளேதான் பேசுவோம், தூங்குவோம். கரெண்ட் போனால் எல்லாத் தறியும் ஒரே அடியாக நிற்கும். தெருவில் சாவு விழுந்தால் மட்டும், சேதி எட்ட எட்ட, ஒவ்வொன்றாக நிற்கும். பிணம் எடுக்கும் வரை யாரும் ஓட்ட மாட்டார்கள்.

பதினைந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அம்மா அன்றைக்கே அரக்கோணம் பாஸ்டருக்கு ஆள் அனுப்பி, புதன்கிழமை மத்தியானம் ஸ்தோத்திரக் கூட்டம் என்று சொல்லிவிட்டாள். புதன் காலையில் காய்ச்சல் திரும்பிவிட்டது. தம்பி கை கால் சில்லிட்டு, கண் பாதி திறந்தபடி கிடந்தான். டாக்டர் வந்து ஊசி போட்டு, "சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்" என்று சொல்லிப் போனார். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிக்கவே இல்லை.

"வரவங்களத் திருப்பி அனுப்பிடலாம்மே," என்றார் நைனா.

"ஆண்டவருக்கு நன்றி சொல்றேன்னுட்டு இப்போ வேணாங்கறதா? அவரு இன்னா ஜவுளிக் கடையா, பிரிச்சுப் பாத்துட்டு வாபஸ் குடுக்க?" என்றாள் அம்மா.

கொடியில் புடவையை மறைப்பாகப் போட்டு, தம்பியை அதற்குப் பின்னால் படுக்கவைத்து, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். பத்துப் பேர் வந்தார்கள். தறிச் சத்தத்தை மீறவேண்டுமென்று உரக்கப் பாடினார்கள். எங்கள் ஜனம் கூடிப் பாடி அந்தத் தெரு கேட்டது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான்: முந்தின வருஷம் சித்தப்பா செத்தபோது.

இரண்டாவது பாட்டில் எதிர்வீட்டுத் தறி நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்து அதன் பக்கத்துத் தறி. பிறகு கோடி வீட்டுத் தறி. யார் செத்தது? என் மனசு வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. இருமல்காரத் தாத்தா காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நிறைமாச அக்கா வாசல் பெருக்கினாள். எல்லா வீட்டிலும் எல்லாரும் இருந்தார்கள். இனி எங்கள் வீடுதான் பாக்கி என்று வந்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது.

கடைசித் தறியும் நின்றபோது மத்தியான வெயிலில் தெரு செவிடானதுபோல் இருந்தது. உள்ளே பாட்டும் ஒவ்வொரு குரலாக அடங்கியது. புடவை இடுக்கில் பார்த்தேன். இரண்டு பேர் சத்தம் காட்டாமல் ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து எங்கள் வாசலில் போட்டார்கள். கொட்டகை முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நைனாவின் காதோரம் கேட்டார்.

"எத்தினி மணிக்கு எடுக்கிறீங்க?"

நைனா புடவையைப் பார்த்தார். ஓர் எட்டு வைத்து விலக்கிப் பார்த்தால் போதும். அவர் வைக்கவில்லை. யாருமே வைக்கவில்லை. அம்மா மட்டும் இந்தப் பக்கம் திரும்பாமல், முட்டி போட்டபடி ஜெபிக்க ஆரம்பித்தாள்.

"அவன் முதல் அடி வெச்ச நாளுக்கு ஸ்தோத்திரம். அம்மான்னு கூப்ட்ட வாய்க்கு ஸ்தோத்திரம். அஞ்சு வருஷம் என் மடியில குடுத்து வெச்சிருந்தீரே ஆண்டவரே, அதுக்கு ஸ்தோத்திரம்."

அம்மாவுக்கு எவ்வளவு ஞாபகம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்த அமைதியில் ஒரு மூச்சு கேட்டது, மெல்லிசாக, நூல் இழுக்கிற மாதிரி. என்னுடையதோ என்று பயந்து மூச்சைப் பிடித்தேன். அது நிற்கவில்லை. அவனுடையதுதான். எழுந்து சொல்லியிருக்கலாம். யாரும் கேட்காததை எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்திருந்தேன்.

தம்பி உதட்டை நக்கினான். "அக்கா, கரெண்ட் போச்சா?"

"அட, பையன் கீறான்யா!" என்று முதலாளி அலறினார். வாசலுக்கு ஓடி, "டேய், தறியப் போடுங்கடா!" என்று கத்தினார். வெளியே யாரோ சிரித்தார்கள், யாரோ அழுதார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள். அம்மா புடவையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து, அவன் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள். வாயே திறக்கவில்லை.

"நீயும் சொல்லும்மா, அவருக்குக் கோவம் வந்துரும்," என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். யாரோ ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவளுக்கும் சேர்த்து நானே சாயங்காலம் வரை மூலையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

நன்றி சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டாளே, இதற்கு என்ன வருமோ என்று பல வருஷம் அவளுக்காகப் பயந்தேன். புடவைக்கு அந்தப் பக்கம், பிள்ளை போய்விட்டான் என்று நம்பிக்கொண்டே, தன்னிடம் இருந்த நன்றியையெல்லாம் அவள் சொல்லித் தீர்த்திருந்தாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.