தராசில் ஜெயித்த பிள்ளை

மலாயாவில் ஜாசினிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் மீனம்மா பதினோரு வருஷம் பிள்ளைக் கொட்டகை ஆயாவாக இருந்தாள். அதற்கு முன் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டினாள். ஐந்து பெற்றதில் மூன்று தங்கின. தங்காத இரண்டைப் பற்றி அவள் பேசுவதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

காலையில் பெண்கள் பிள்ளைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்குப் போவார்கள். மதியம் ஒரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். இடையில் முப்பது தொட்டில்களும் அவள் பொறுப்பு. பசியால் அழுவது எது, ஈரத்தால் அழுவது எது, சும்மா அழுவது எது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லுவாள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம், காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்தபோது, அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி வந்தது. மாலை ஆறுக்கு மேல் கேட்டைத் தாண்டக்கூடாது. ஒரு நாள் வெட்டுக்காரி கமலவேணிக்குப் பிரசவ வலி கண்டது ராத்திரி ஏழு மணிக்கு. லாரி இருந்தது, டிரைவர் இருந்தார், உத்தரவு இல்லை. விடிந்து லாரி கிளம்பத் தயாரானபோது பிள்ளை பிறந்திருந்தது. கமலவேணி வெளுத்த துணி மாதிரி கிடந்தாள். பாயை எரிக்க வேண்டியிருந்தது. பிழைத்து எழுந்தாள். பால் மட்டும் வரவில்லை. ரத்தத்தோடு அதுவும் போய்விட்டது என்றாள் மீனம்மா. வெந்தயம், பூண்டு, சுறாமீன் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். மாமியார் கருப்பாயி, தான் ஏழு பிள்ளைக்குக் கொடுத்த கதையை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புருஷன் காளிதாஸ் கடையில் ஒரு டின் பால் வாங்கி வந்தான். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடக்கூடாது என்று டின்னில் ஓட்டை போட்டுத்தான் விற்கவேண்டும் என்பது அப்போதைய சட்டம். ஓட்டை போட்ட டின் காட்டுக்குப் போகவில்லை. இரண்டே நாளில் எறும்புக்குப் போனது.

கொட்டகைக்கு ஆபீஸ் பால்மாவு தரும். ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு மட்டும். மீனம்மா அதிலிருந்து எடுத்துக் கமலவேணியின் பிள்ளைக்குக் கரைத்தாள். வீட்டுக்குப் போகும்போது காகிதத்தில் மடித்துத் துணிக்குள் வைத்துக் கொடுத்தாள். பெரிய பிள்ளைகளின் பால் கொஞ்சம் தண்ணீராயிற்று. அவர்கள் புகார் செய்யவில்லை. பாதிப் பேருக்குப் பேச்சு வரவில்லை.

மாதம் ஒருமுறை, வெட்டு முடிந்த நேரத்தில், மலாக்காவிலிருந்து வெள்ளைக்கார நர்ஸ் மிஸ்ஸி வருவாள். சின்ன வயது, நல்ல மனசு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் தங்கையா பக்கத்தில் நின்று அவள் பேச்சைத் தமிழில் சொல்லுவார்.

"மிஸ்ஸி என்ன சொல்றாங்கன்னா, பிரசவம் நோய் இல்ல. பயந்தாத்தான் வலிக்கும். அவங்க ஊரு பொம்பளைங்க பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்களாம். உங்களப் பாத்துக் கத்துக்கணுமாம். எவ்வளவு இயற்கையாப் பெக்கிறீங்கன்னு ஆச்சரியப்படுறாங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டைப் பூட்டினால் எல்லாம் இயற்கைதான் என்று மீனம்மா நினைத்தாள். 

நாலாம் மாதம் மிஸ்ஸி தராசு கொண்டுவந்து எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தாள். கமலவேணியின் பிள்ளைதான் அதிக கனம். மிஸ்ஸி அவனைத் தூக்கிக் காட்டினாள்.

"தாய்ப்பால்தானேன்னு கேக்குறாங்க," என்றார் தங்கையா.

கருப்பாயி வாசலில் நின்றிருந்தாள். கமலவேணி ஆமென்று தலையாட்டினாள்.

மிஸ்ஸிக்கு முகமெல்லாம் சந்தோஷம். கொட்டகைக்குப் பால்மாவே வேண்டியதில்லை, அடுத்த மாதத்திலிருந்து நிறுத்திவிடலாம், மேனேஜர் தொரையிடம் இன்றே பேசுகிறேன் என்றாள். வெட்டுக்கு நடுவே பத்து மணிக்குத் தாய்மார் வந்து கொடுத்துவிட்டுப் போகட்டும். மூன்று மைல் தள்ளி வெட்டுகிறவள் எப்படி வருவாள் என்று யாரும் கேட்கவில்லை. மிஸ்ஸி ஒரு நாற்காலியைப் போட்டு, எப்படிக் கொடுப்பது என்று மற்றவர்களுக்குக் காட்டும்படி கமலவேணியை உட்காரச் சொன்னாள்.

தங்கையா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிள்ளை வாய் வைத்தது, சப்பியது, விட்டுவிட்டு வீறிட்டது. மிஸ்ஸி கையைச் சரிசெய்தாள். மூச்சை இழுத்து விடச் சொன்னாள். பயப்படாமல் இருக்கச் சொன்னாள். பிள்ளை நீலம் பாரித்து அழுதது. கமலவேணி தரையைப் பார்த்தபடி இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் பிள்ளை களைத்துத் தூங்கிவிடும் என்று மீனம்மாவுக்குத் தெரியும். வயிறு நிறைந்தது என்று மிஸ்ஸி எழுதிக்கொள்வாள். அடுத்த மாதம் பால்மாவு வராது.

மீனம்மா உள்ளே போனாள். வெந்நீரில் மாவைக் கரைத்து, புட்டியில் ஊற்றி, கையில் சொட்டு விட்டுப் பார்த்து, கொண்டுவந்து பிள்ளையின் வாயில் வைத்தாள். அழுகை நின்றது. கொட்டகையில் புட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

தங்கையா திரும்பிப் பார்த்தார். "என்ன மீனம்மா இது?"

"மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க டிரெசர் ஐயா. பொறந்ததுலேருந்து இவன் குடிக்கிறது இதுதான். நாந்தான் குடுத்தேன்."

"சும்மா இரு. சொன்னா ஒன் வேலை போயிரும்லா."

"சொல்லாட்டி பிள்ள போயிரும்."

தங்கையா சொன்னார். அவள் சொன்னதைப்போல மூன்று மடங்கு நீளமாகச் சொன்னார். தனக்கு எதுவும் தெரியாது என்பதும் அதில் இருந்திருக்கவேண்டும். மிஸ்ஸி காலியான புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"இவன் மட்டும்தானா, இன்னும் இருக்கான்னு கேக்குறாங்க."

"ஏழு," என்றாள் மீனம்மா.

சுற்றி நின்றவர்களில் ஆறு பேர் தங்கள் காலைப் பார்த்தார்கள்.

மிஸ்ஸி எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். அதன்படி, டிரெசர் கையெழுத்துப் போட்டால் கைப்பிள்ளைக்கும் பால்மாவு உண்டு என்று தொரை உத்தரவு போட்டார். அதே நாளில் இன்னொரு உத்தரவும் போட்டார். அனுமதியில்லாமல் மாவு எடுத்ததற்காக மீனம்மா புல்லு வெட்டுக்கு மாற்றப்பட்டாள். கொட்டகைக்கு மாரியம்மா வந்தாள். அவளுக்கு எல்லா அழுகையும் ஒன்றுதான். ஆனால் புட்டியை நேரத்துக்குக் கொடுத்தாள்.

கமலவேணி அதன்பிறகு மீனம்மாவோடு பேசவில்லை. லயம் முழுக்கப் பார்க்கத் தன்னை நாற்காலியில் உட்கார்த்தி, பாலில்லாதவள் என்று காட்டிவிட்டாள் என்பது அவள் கட்சி. நாற்காலி போட்டது மிஸ்ஸி என்று மீனம்மா வாதாடவில்லை. கருப்பாயி இப்போது ஏழு பிள்ளைக் கதையை இன்னும் உரக்கச் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து, புல்லு வெட்டும் மர வரிசையும் கமலவேணி பால் வெட்டும் வரிசையும் பக்கத்தில் வந்தன. மீனம்மா நிமிராமலே கேட்டாள்.

"புட்டியில முழுசாக் குடிக்கிறானா?"

கமலவேணி மரப்பட்டையில் வெட்டுக்கோட்டை இழுத்து முடித்தாள். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் திருப்பி வைத்தாள்.

"குடிக்கிறான்," என்று மரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மீனம்மா அடுத்த புதருக்கு நகர்ந்தாள்.