இடுப்பளவுச் சுவர்

ஐம்பதுகளில் ஓசூர் பிளாக் ஆபீஸில் நான் குமாஸ்தா. ஊர்ச் சங்கங்களுக்குச் சர்க்கார் மானியம் தரும் கோப்புகள் எல்லாம் என் மேஜையில்தான் கிடந்தன. விதிகள் இங்கிலீஷில் இருந்தன. அவற்றைக் கரைத்துக் குடித்தவன் என்று எனக்குப் பெயர். உண்மையில் பாதிதான் படித்திருந்தேன். மீதியை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே சமாளித்தேன்.

உத்தனப்பள்ளிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து மாதர் சங்கத் தலைவி வந்தாள். முப்பது வயதிருக்கும், இடுப்பில் கைக்குழந்தை. வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். ராகிக்குக் களையெடுக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளைப் புளியமரத்தில் ஏணை கட்டிப் போட்டுவிட்டுப் போகிறார்களாம். எறும்பு கடிக்கிறது, தூறல் போட்டால் நனைகின்றன. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஒரு கொட்டகை வேண்டும், அதுவும் அடுத்த களையெடுப்புக்கு முன்னால். அவள் கேட்டது இவ்வளவுதான்.

"மொதல்ல ஊர்ப் பங்கைக் காட்டுங்கம்மா. அப்புறம்தான் சர்க்கார் பங்கு" என்றேன்.

நாங்கள் இவ்வளவு உழைப்பு தருகிறோம் என்று ஊரார் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பங்கைக் காட்டுவது என்றால் அதுதான். அதை நான் விளக்கவில்லை. காபி குடிக்கப் போகும் அவசரம் எனக்கு.

மூன்று வாரம் கழித்து இடம் பார்க்கப் போனேன். கல்லும் மண்ணுமாக நாலு பக்கமும் இடுப்பளவுக்குச் சுவர் எழும்பியிருந்தது. வயல் வேலை முடிந்த பிறகு பெண்களே மண் குழைத்துக் கட்டியிருக்கிறார்கள். "இதுதான் சார் எங்க பங்கு" என்று காட்டியபோது அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் உத்தரவு வருமுன் தொடங்கிய வேலைக்கு மானியம் கிடையாது என்று ஒரு விதி இருந்தது. என் பேச்சைக் கேட்டுத்தான் கட்டினார்கள் என்று மேலிடத்துக்கு ஒரு வரி எழுதி விலக்குக் கேட்டிருக்கலாம். எழுதினால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

"இதை எடுத்துடுங்கம்மா. வெறுந்தரையா இருந்தாத்தான் காயிதம் நகரும்."

"கட்டினதை இடிக்கச் சொல்றீங்களா சார்?"

"நான் சொல்லலம்மா. ரூல் சொல்லுது."

இடித்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி வேண்டியிருக்குமே என்று கற்களை ஓரமாக அடுக்கி வைக்கச் சொன்னாள் அவள். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஒரு கல்லைக்கூட நான் தொடவில்லை.

களையெடுப்பு வந்தது, காகிதம் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் சேலத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். நல்ல மனிதர். மானிய விதிகளைச் சுலபமாக்க வேண்டும், எது தொல்லை என்று சங்கத்துக்காரர்களையே கேட்க வேண்டும் என்று புறப்பட்டு வந்தவர். ஆபீஸில் ஜமக்காளம் விரித்து எல்லோரையும் உட்கார வைத்தோம். அவர் ஜீப் வருவதற்குள் நான் அவளிடம் போய்க் குனிந்து, "குறை கிறை சொன்னா மானியம் நின்னாலும் நின்னுடும், பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொல்லும்படி யாரும் என்னை ஏவவில்லை.

அதிகாரி விதிகளைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் கேட்டார். மூன்று பிரதி எதற்கு, ஒன்று போதும் என்று சிவப்புப் பென்சிலால் ஒரு வரியை அடித்தார். பெரிய ஆபீசரின் அத்தாட்சிக் கையெழுத்துக்காக ஜனங்கள் பஸ் ஏறி அலைவானேன் என்று இன்னொன்றை அடித்தார். பிறகு அந்த விதிக்கு வந்தார்.

"உத்தரவுக்கு முன்னாடி வேலை ஆரம்பிச்சா மானியம் இல்ல. இதனால யாருக்காவது தொல்லை உண்டா?"

அவள் என்னைப் பார்த்தாள். மடியில் குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. வயலில் நனைந்து பிடித்த சளி. அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, உங்களுக்குத்தானே தெரியும்" என்றார்.

"இதுவரைக்கும் அப்படி யாரும் வரல சார்."

குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு அதிக வெட்கம். பென்சில் அந்த வரியைத் தொடாமல் அடுத்ததற்குப் போயிற்று.

கூட்டம் முடிந்து ராயக்கோட்டை பஸ்ஸுக்காக அவள் வாசலில் நின்றிருந்தாள். என் சைக்கிளும் அங்கேதான் இருந்தது. அவள் கேட்காமலே, "உங்க காயிதம் சீக்கிரம் வந்துடும்மா" என்றேன்.

"வரட்டும் சார்." குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "யாரும் வரலேன்னு சொன்னீங்களே. நான் உங்களுக்கு எதிர்க்கதானே சார் ஒக்காந்திருந்தேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சைக்கிள் பூட்டைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

உத்தரவு வந்தபோது அறுவடையே முடிந்திருந்தது. அடுக்கி வைத்த அதே கற்களால் மறுபடி கட்டினார்கள். நான் அந்த ஆபீஸில் இருந்தவரை அந்த விதி மாறவில்லை. பின்னால் வந்த சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் அதை நானே வாசித்துக் காட்டினேன், எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்காமல்.