பிளாஸ்டரோடு வந்த தோல்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர் என்று சுற்றிவிட்டு, மூலக்குளம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸிங் ரூமில் சேர்ந்தேன். பிளாஸ்டரை ஒரே இழுப்பில் உரிப்பேன். நோயாளி கத்துவதற்குள் வேலை முடிந்துவிடும். அதைத் திறமை என்று நம்பிய முட்டாள்கள் இரண்டு பேர்: நானும் சீனியர் டிரெஸ்ஸரும்.

கனகசெட்டிக்குளம் மீனவர் குப்பத்திலிருந்து, பிறந்து நான்கு நாளான பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் கொப்புளம். டிரிப்ஸ் ஊசியை யாரோ கையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தார்கள். வழக்கம்போல இழுத்தேன். புறங்கைத் தோலும் சேர்ந்து வந்தது.

"யோவ், மீனக்கூட நாங்க இப்படி உரிக்க மாட்டோம்யா" என்றாள் குழந்தையின் தாய் மேரி.

தோல் டாக்டரம்மா வந்து பார்த்தார். பிறவியிலேயே தோலின் அடுக்குகளுக்கிடையே பிடிப்பில்லாத அபூர்வ நோய். லேசாக உரசினாலே கழன்றுவிடும் என்றார்.

"பிளாஸ்டர் கிட்டயே வரக்கூடாது. கொப்புளத்த ஊசியால குத்தித் தண்ணிய எடு, மேல்தோல வெட்டாத. வாஸ்லின் தடவின காஸ் துணி வச்சு ஒவ்வொரு விரலையும் தனித்தனியா சுத்து. சேத்துக் கட்டினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

அவர் போனதும் சீனியர் சிரித்தார். "இத்துனூண்டு கைக்கு அஞ்சு கட்டா? மொத்தமா உருட்டுடா, வெளியில பத்துப் பேரு நிக்கிறான்."

உருட்டிக் கட்டினேன். வரிசை ஒரு சாக்கு. ஒரு கைக்கு அரை மணி நேரம் உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

மறுநாள் காலை மேரி அந்தக் கட்டைக் காட்டினாள். "இது கையா, கொழுக்கட்டையா? அந்தம்மா சொல்லும்போது நீயும்தான நின்ன? கட்ட அவுத்துடு."

"ஏம்மா, நீ டாக்டரா?" என்றார் சீனியர்.

"இல்ல. எம்பொண்ணுக்கு நாளைக்கு சோத்த அள்ளித் திங்க விரல் வேணும். உன் விரல சேத்துக் கட்டிக்கினு அந்தக் கத்திரியப் புடி, பாக்கலாம்."

சீனியருக்கு உடனே டீ குடிக்க வேண்டியிருந்தது.

நான் சலைன் உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து அவிழ்த்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிசுபிசுத்து ஒட்டத் தொடங்கியிருந்தன. சொட்டுச் சொட்டாகச் சலைன் விட்டுப் பிரித்தேன். அடுத்த கட்டுக்கு மேரி என்னை நம்பவில்லை. காஸை மெல்லிய நாடாவாக வெட்டித் தரச் சொல்லி, ஐந்து விரலையும் அவளே சுற்றினாள். வீட்டுக்குப் போகும்வரை தினமும் அப்படித்தான். ஐந்தும் தனித்தனியாகவே போயின.

புதிதாக வரும் டிரெஸ்ஸர்களுக்குச் சொல்கிறேன்: நம் சோம்பேறித்தனத்துக்கு அனுபவம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த அனுபவம் உங்களைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் உட்கார்ந்து ஐந்து விரலையும் கட்டுங்கள்.